பிரதரைக் கூப்பிடுங்க

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

முதலில் நீ உட்கார். யாருக்கோ மாட்டிப் பார்க்க எடுத்த மூக்குக்கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு உட்கார். உட்கார்ந்தாயா? கிடைத்துவிட்டது! முழுதாக இல்லை, முக்கால்வாசி. ஆனாலும் கிடைத்துவிட்டது!

பச்சிளங்குழந்தைப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று இரண்டு வருஷமாக உன் காதைத் தின்றேனே, அதேதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிரிவு. அதைப் பெரிதாக்குகிறார்கள், புதிதாக எட்டு நர்ஸ்கள் வேண்டும் என்று தேர்வு வைத்தார்கள். எழுதியவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பது பெண்கள், ஒரே ஒரு ஆண், உன் பம்பரம். முதல் மதிப்பெண் யாருக்கு? பம்பரத்துக்கு! நோட்டீஸ் போர்டில் கீழேயிருந்து தேடிக்கொண்டே போனேன். பாதிக்கு மேல் போயும் என் பெயரைக் காணோம். கடைசியில் பார்த்தால் உச்சியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு நேர்காணல். நடுவில் மேட்ரன். மருத்துவமனை நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் தலைவி. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது தாய்மார்கள் பால் குடுக்குற எடம். அங்க ஒரு ஆம்பளை நின்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்காதா?”

“பெரிய டாக்டர் ஆம்பளைதானே மேடம்? எக்ஸ்ரே எடுக்க வர்றவரும் ஆம்பளைதான்.”

“அவங்க வந்துட்டுப் போயிடுவாங்க.”

“ஷிப்ட் முடிஞ்சா நானும் போயிடுவேன் மேடம்.”

மேட்ரன் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அந்தப் பிரிவின் ஹெட் சிஸ்டர் சிரிப்பை அடக்க இருமினார். என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நகம் சுத்தம். நடுக்கம் இல்ல. எனக்கு இது போதும்” என்றார். மற்ற ஏழு பேருக்கும் அன்றைக்கே ஆர்டர். எனக்கு மட்டும் மூன்று வார சோதனை. புகார் எதுவும் வராவிட்டால் ஆர்டர். அதனால்தான் முக்கால்வாசி என்றேன்.

போகட்டும்! ஆறு வருஷமாக நான் இந்த மருத்துவமனையின் கிரேன், அக்கா. எந்த வார்டில் யாரைத் தூக்க வேண்டுமானாலும், குடித்துவிட்டு வந்து யார் ரகளை செய்தாலும், “பிரதரைக் கூப்பிடுங்க!” பெண் நர்ஸை சிஸ்டர் என்கிறார்கள், என்னைப் பிரதர் என்கிறார்கள். ஊசியைக் கையில் எடுத்தால் டாக்டர் என்கிறார்கள். படுக்கைச் சட்டியை எடுத்தால் வார்டு பாய் என்கிறார்கள். ஆள் ஒன்றுதான்.

நேற்று ஒரு குழந்தையைத் தொட்டேன். தொள்ளாயிரத்து இருபது கிராம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்தேன். குடித்து முடித்ததும் என் சுண்டுவிரல் நுனியைப் பிடித்துக்கொண்டது. கையுறைக்குள் வியர்த்துவிட்டது எனக்கு!

உங்கள் வீட்டில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்று ஏதாவது சட்டமா? அதனால்தான் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். அத்தானிடம் சொல். அத்தை, மாமா எல்லோரிடமும் சொல்!

உன் பம்பரம்

பிப்ரவரி 8

டேய் பம்பரம்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது எதிரில் இருந்த பெரியவர், “என்னம்மா, பவர் செக் பண்றீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?” என்றார். நாற்பத்தொரு பேரில் முதல் ஆள் என்றால் சும்மாவா? அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாகத் தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். நீ கத்தாதே.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, தம்பி என்ன செய்கிறான் என்று அத்தை கேட்டார்கள். அப்பா, “ஆஸ்பத்திரியில இருக்கான்” என்றார். “டாக்டரா?” என்று அத்தை முகமெல்லாம் மலர்ந்து கேட்டார்கள். அப்பா மேலே ஒன்றும் சொல்லாமல் சிரித்து வைத்தார். நான் அங்கேதான் இருந்தேன். நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் “உங்க டாக்டர் தம்பி எப்படி இருக்கார்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. நான்கு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது அத்தைக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்க முடியவில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டும். எங்கே என்று நினைக்கிறாய்? உன் மருத்துவமனையில்தான்! “நம்ம வீட்டு டாக்டர் அங்க இருக்கும்போது வேற எடம் எதுக்கு?” என்று அத்தையே முடிவு செய்துவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி உன் அத்தானும் அத்தையும் வருகிறார்கள். எனக்குக் கடையில் லீவு இல்லை, மாமாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அந்த ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு எங்கேயாவது போய்விடேன். வெளியூர் பயிற்சி என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கோபப்படாதே. என் இடத்தில் கொஞ்சம் நின்று பார்.

அக்கா

பிப்ரவரி 11

அக்கா,

கத்தாதே என்றாய். கத்தவில்லை. பேனா அழுந்திய இடத்தில் மட்டும் காகிதம் கொஞ்சம் கிழிந்திருக்கும்.

சோதனைக் காலத்தில் லீவா? மூன்று வாரத்தில் ஒரு வாரம் காணாமல் போனால், “பாத்தீங்களா, ஆம்பளைக்கு இதெல்லாம் ஒத்து வராது” என்று கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். அது தெரியாதா உனக்கு?

நான் திருடனா அக்கா? கள்ளக்கடத்தல் செய்கிறேனா? என்னை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

வெளியில் இருப்பவர்கள் சொல்வதை நான் பழகிக்கொண்டேன். படிக்கும்போது பிரசவ வார்டில் என்னை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். கூடப் படித்த பெண்கள் இருபது பிரசவம் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவர்களுடைய குறிப்பைப் பார்த்து எழுதினேன். போன வருஷம் பார்த்த பெண் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று உனக்கே தெரியும். “டாக்டர் ஆக முடியாம நர்ஸ் ஆனவரா?” என்று கேட்டார்கள். நான் டாக்டராக ஆசைப்பட்டதே இல்லை என்றேன். நம்பவில்லை. ஆசைப்பட்டு ஒரு ஆண் நர்ஸ் ஆவான் என்று யாருக்குமே நம்பிக்கை வருவதில்லை. அதெல்லாம் போகட்டும், வெளி ஆட்கள். நீயுமா?

நான் லீவு போட மாட்டேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நடிக்கவும் மாட்டேன். நீ சொல்லாவிட்டால் பத்தொன்பதாம் தேதி நானே அத்தையிடம் சொல்வேன்.

இவ்வளவு கோபத்திலும் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று இரண்டு பேர் முயன்றும் நரம்பு கிடைக்காத ஒரு குழந்தைக்கு, ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிட்டேன்! மண்டையோரத்தில் நூல் மாதிரி ஒரு நரம்பு. ஹெட் சிஸ்டர் என் முதுகில் ஒன்று வைத்தார். இதைக்கூட உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்ல?

தம்பி

பிப்ரவரி 15

தம்பி,

உனக்கு உன் பெருமை. எனக்கு என் குடித்தனம். பொய் சொன்னவள் என்று தெரிந்த பிறகு இந்த வீட்டில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன் என்று நீ ஒரு வரி கேட்டாயா?

உன் இஷ்டப்படி செய். சொல்வதானால் சொல்லிக்கொள். இனிமேல் எனக்கு எழுதாதே.

பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டும். இதற்கு மேல் எழுத நேரமில்லை.

பிப்ரவரி 23

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

அத்தையின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புது மூட்டு பொருந்திவிட்டது, காய்ச்சல் இல்லை.

பத்தொன்பதாம் தேதி நான் போய்ப் பார்க்கவில்லை. பயந்துவிட்டேன். உன் கடிதத்துக்குப் பிறகு என் வீராப்பெல்லாம் இறங்கிவிட்டது. ஆபரேஷன் முடியட்டும், இருபத்தொன்றாம் தேதி நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கே ஃபோன் வந்தது. பெண்கள் எலும்பு வார்டிலிருந்து. “ஆபரேஷன் ஆன பேஷன்ட் கட்டில்ல கீழ சரிஞ்சுட்டாங்க. ரெண்டு பேரால தூக்க முடியல. பிரதரை அனுப்புங்க!”

திரையை விலக்கினால் அத்தை.

அத்தானும் பக்கத்தில் நின்றார். என் மேல் நீலச் சீருடை, சட்டையில் குத்திய அட்டையில் கொட்டை எழுத்தில் ‘நர்ஸ்’. அத்தை என்னைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள். வலியில் முகம் வெளுத்திருந்தது.

“தம்பி, நீ... டாக்டர் இல்லையா?”

“இல்லத்த. நர்ஸ்.”

“ஆம்பளை நர்ஸா? தொடாத! யாரும் என்னைத் தொட வேணாம். வேற பொம்பளையா அனுப்புங்க!”

நான் உடனே திரைக்கு வெளியே வந்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை அக்கா. பெண்தான் வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. வெளியே நின்றபடியே சொல்லச் சொல்ல, இரண்டு சிஸ்டர்களும் மூன்றாவதாக வந்த ஆயாவும் செய்தார்கள். “காலுக்கு நடுவுல தலையணை இருக்கட்டும், கால் குறுக்க போகக் கூடாது, போர்வையோட சேத்து இழுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு.” ஏறிவிட்டார்கள்.

அத்தான் என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போனார். “நாலு வருஷமா அக்காவும் தம்பியும் சேந்து நாடகம் போட்டீங்களா?” என்றார். நீ தலை நிமிர்வது பற்றி எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. “அக்கா மேல தப்பில்ல அத்தான். வெளிய சொல்லாதேன்னு நான்தான் கெஞ்சினேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு” என்றேன். சொல்லி முடித்ததும் வாயெல்லாம் கசந்தது. இந்த வேலைக்காக நான் வெட்கப்பட்டதே கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் பொய்யாக.

அத்தை மேட்ரனிடம் புகார் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மேட்ரன் கூப்பிட்டார்.

“நான் அப்பவே சொன்னேன்ல? பொம்பளைங்க வார்டுலேருந்தே புகார் வந்தாச்சு.”

“தூக்கிவிடக் கூப்பிட்டதே அந்த வார்டுதான் மேடம்.”

“கூப்பிட்டா? நீங்க யோசிச்சிருக்கணும்.”

ஆறு வருஷமாகக் கூப்பிட்டார்கள், ஒருவரும் யோசிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் நான் யோசித்திருக்க வேண்டுமாம்! சோதனை நிறுத்தம். ஆண்கள் வார்டுக்குத் திரும்பிவிட்டேன். ஹெட் சிஸ்டர், நான் கழற்றிக் கொடுத்த அந்தப் பிரிவின் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தான் உன்னிடம் கேட்டால் நான் சொன்னபடியே சொல்லிவிடு. உன் வீடு உனக்கு மிஞ்சட்டும்.

தம்பி

பிப்ரவரி 27

என் பம்பரத்துக்கு,

நான் கிழிக்கவில்லை. கடையில் கண் பரிசோதிக்கும் இருட்டறைக்குள் போய், எழுத்து அட்டைக்கு அடிக்கிற விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே அழுதேன். வெளியே ஒரு அம்மா கதவைத் தட்டி, “என் நம்பர் வந்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா படுக்கையில் இருந்த எட்டு மாதம் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வயது இருபது, உனக்குப் பதினைந்து. பெண் பிள்ளை நான்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னால் அந்த அறைக்குள் நுழையவே முடியவில்லையடா. அந்த வாடை, அந்த முனகல். வாசலோடு நின்றுவிடுவேன். நீதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டதும் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, பவுடர் போடுவாய். அம்மா முதுகில் கடைசி வரை ஒரு புண் வரவில்லை. அப்படிப்பட்ட உன்னை டாக்டர் என்று சொல்லி நான் பெருமைப்பட்டேன் பார், அதுதான் வெட்கம். நான் வெட்கப்பட வேண்டியதை நீ எடுத்துக்கொள்ளாதே.

கேள். நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானே ஃபோனை எடுத்தேன். நானே ஸ்பீக்கரில் போட்டேன்! மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். அந்தப் பக்கம் உன் அத்தானையும் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், அத்தைக்கும் கேட்கட்டும் என்று. பிறகு சொன்னேன்.

“அவன் சொன்னது பொய். டாக்டர்னு நீங்க நெனச்சப்ப வாயை மூடிக்கிட்டது நான். நாலு வருஷமா மூடிக்கிட்டே இருந்ததும் நான். அவன் ஒரு நாள்கூட வெக்கப்பட்டதில்ல. அவன் நர்ஸ். பரீட்சையில நாப்பத்தோரு பேர்ல முதல் ஆளு. அத்தை, நீங்க குடுத்த புகாரால அவன் ஆசைப்பட்ட எடம் போயிருச்சு.”

அத்தை, “காபி ஆறுது, ஃபோனை வை” என்றார்கள். அவர் வைத்துவிட்டார்.

மாமா பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. மாமா என்ன சொன்னார் தெரியுமா? “எனக்கு அப்பவே சந்தேகம்மா. டாக்டர்னா நாலு வருஷத்துல என் முட்டி வலிக்கு ஒரு மாத்திரையாவது எழுதித் தந்திருப்பான்ல?” சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது.

உன் அத்தான் இன்றைக்கும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சில் பாரம் இல்லாமல் தூங்கினேன். நீ விடாதே. மேட்ரனை விடாதே!

அக்கா

மார்ச் 7

அக்கா! அக்கா! அக்கா!

உட்கார். இந்தத் தடவை நிஜமாகவே உட்கார். நேரில் நான் பாதிதான் பார்த்தேன். மீதியை ஹெட் சிஸ்டர் எனக்கு நடித்தே காட்டினார், வாக்கர் உட்பட.

முந்தாநாள் காலை, ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஹெட் சிஸ்டர் மேட்ரனுக்கு ஃபோன் போட்டு, பிரதரைப் பத்து நிமிஷம் அனுப்புங்கள் என்றிருக்கிறார். முடியாது என்றுவிட்டார் மேட்ரன். அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பஸ் கண்டக்டர். கூட்டத்தில் கத்திப் பழகிய தொண்டை.

“ஏன் முடியாது? எங்க பிரதர் எங்க?”

“தாய்மார்களுக்குச் சங்கடமாம்மா” என்றாராம் ஹெட் சிஸ்டர், வேண்டுமென்றே.

“எந்தத் தாய்க்கு? எங்கிட்ட யாரும் கேக்கலியே! உங்கிட்ட கேட்டாங்களா? உங்கிட்ட?”

ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை அக்கா! மருத்துவமனை கவுனோடு ஐந்து அம்மாக்கள் கிளம்பிவிட்டார்கள், கண்டக்டர் முன்னால். மேட்ரன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் யார்? அத்தை! நடைப் பயிற்சிக்காக வாக்கர் பிடித்து அவ்வளவு தூரம் வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார்கள். கண்டக்டருக்கு ஆள் தெரியுமா என்ன? பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆற்றாமையோடு சொன்னாளாம்.

“பாருங்கம்மா, என் புள்ளை பத்தொம்பது நாளா கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்கு. அவன் மூச்சு நின்னு நீலமாப் போனப்ப, பாதத்துல சுண்டிச் சுண்டி மூச்சு வரவெச்சது அந்தப் பிரதர்தான். முதல் தடவை எடுத்து என் நெஞ்சுல வெச்சு, பயப்படாதீங்க, இது உங்க புள்ளைன்னு சொன்னதும் அவர்தான். யாரோ ஒரு கெழவி புகார் குடுத்துச்சாம், அவரை மாத்திட்டாங்க!”

அத்தை வாக்கரை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, “அந்தக் கெழவி நான்தான்” என்றார்களாம்.

கண்டக்டர் துள்ளி எழுந்தாள். பிறகு சண்டை பிடித்தாள் பார்! அத்தையும் விடவில்லை. “என் ஒடம்பை ஆம்பளை தொட வேணாம்னு சொன்னேன், அது தப்பாடீ?” “தப்பில்லம்மா! உங்களுக்கு வேணாம், சரி. எனக்கு வேணுமே!” வராந்தாவே கூடிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் ஓடி வந்து, அம்மா உட்காருங்கள், மூட்டு, மூட்டு என்று பதறுகிறார். அத்தை உட்காரவில்லை. வாக்கரைத் தட் தட்டென்று வைத்து நேராக மேட்ரன் அறைக்குள் போனார்கள். பின்னால் ஐந்து கவுன்.

“ஏம்மா, எனக்கு வேணாம்னுதான் நான் சொன்னேன். இவங்களுக்கும் வேணாம்னு நான் எங்க சொன்னேன்?”

இந்த இடத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன், ரகளை நடக்கிறது என்று யாரோ வழக்கம்போல பிரதரைக் கூப்பிட்டதால்! வாசலில் நின்றேன். மேட்ரன் என்னைப் பார்த்தார். ஐந்து அம்மாக்களைப் பார்த்தார். “முதல்ல போய் அந்தக் குழந்தைக்கு ஊசியைப் போடுங்க” என்றார். ஓடினேன். ஒரே குத்து!

அப்புறம் மேட்ரன் ஒரு நல்ல காரியம் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். பிரிவில் இருந்த பதினொரு அம்மாக்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஒன்பது பேர் சரி என்றார்கள். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த இருவரின் பக்கம் நான் போக வேண்டாம், சிஸ்டர்கள் போவார்கள். இவ்வளவுதான் விஷயம்! இதற்குத்தான் இத்தனை வருஷம். விட்ட இடத்திலிருந்து சோதனை மறுபடி ஆரம்பம்.

அத்தையிடம் போய் நன்றி சொன்னேன். “என்னைத் தொட வேணாம், அதுல மாத்தமில்ல” என்றார்கள். தலையணையைச் சரிசெய்துகொண்டே, “அன்னிக்கு வெளிய நின்னு ஒண்ணு ரெண்டு மூணு சொன்னது நீதானே? அப்பத்தான் வலி கொறஞ்சுது” என்றார்கள். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னும் ஒரு முட்டுக்கட்டை. அந்தப் பிரிவுக்குள் போகும் முன் உடை மாற்ற வேண்டும். உடை மாற்றும் அறை பெண்களுக்கு மட்டும். நான் ஆக்சிஜன் சிலிண்டர் அறையில், சிலிண்டர்களுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டிருந்தேன். ஆபத்து, கூடாது என்கிறார் மேட்ரன். துணி வைத்துப் பூட்டிக்கொள்ள ஒழுங்கான இடம் இருந்தால்தான் ஆர்டராம். பழைய சாமான் அறை ஒன்றை ஒழித்துத் தந்துவிட்டார்கள், ஆறடிக்கு ஐந்தடி. பீரோ மட்டும் இல்லை. எழுதிப் போட்டால் அடுத்த வருஷம் வருமாம். இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிப் புலம்பிவிட்டு வந்தேன். ஒரு வாரம் என்றது நடைப் பயிற்சியால் நீண்டுவிட்டது, அவர்கள் நாளை கிளம்புகிறார்கள்.

உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு!

உன் பம்பரம்

மார்ச் 14

பம்பரம்,

அத்தை வந்து சேர்ந்தார்கள். வாசல்படியில் கைகொடுக்கப் போனேன். “தள்ளு, எனக்குத் தெரியும். நல்ல கால் முதல்ல ஏறணும், உன் தம்பி சொல்லிக் குடுத்திருக்கான்” என்றார்கள். என் முகத்தைப் பார்த்து, “பொய் சொன்ன வாய்க்கு ஒரு மாசம் சக்கரை இல்லாத காபி” என்றார்கள். குடிக்கிறேன். அதோடு விட்டார்களே!

நேற்று எதிர் வீட்டம்மா நலம் விசாரிக்க வந்தாள். “உங்க டாக்டர் தம்பி நல்லா பாத்துக்கிட்டாரா?” நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்கள். “டாக்டர் இல்ல, நர்ஸு. டாக்டரு காலையில வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருவாரு. நாள் முழுக்க நிக்கிறது யாரு?” எதிர் வீட்டம்மா, “ஆம்பளையா?” என்று இழுத்தாள். “ஏன், உன் வீட்டுக்காரரு உனக்குக் காய்ச்சல்னா ஒரு டம்ளர் தண்ணி தர மாட்டாரா?” என்றார்கள். அவள் போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

உன் அத்தான்தான் பேசவில்லை. ஐந்து நாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், தட்டை எடுத்துவைப்பார், தன் இரும்புப் பட்டறைக்குப் போய்விடுவார். ஆறாம் நாள் படுக்கப் போகும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே, “என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? எங்கம்மாவுக்குப் பயம், சரி. எனக்குமா பயந்தே?” என்றார். அவர் கோபம் உன் வேலை மேல் இல்லையடா, அந்த நான்கு வருஷத்தின் மேல். மன்னிப்புக் கேட்டேன். சரி என்று சொல்லவில்லை. விளக்கை அணைத்தார்.

இன்றைக்குக் காலை வாயில் பல்குச்சியோடு, “அந்த ரூமு எத்தனை அடின்னு சொன்னான்? கதவு எந்தப் பக்கம் தெறக்குது?” என்று கேட்டார். எதற்கு என்றேன். “கேட்டுச் சொல்லு” என்றார். உடனே அளந்து எழுது. டேப் வைத்துத் துல்லியமாக அளக்கச் சொன்னார், சாண் கணக்கு வேண்டாமாம்.

அக்கா

மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். “பிரதர், உங்க பேருக்கு லாரியில ஒரு பீரோ வந்திருக்கு. உள்ள விடலாமா கூடாதா?”

பீரோ! சாக்கும் வைக்கோலும் சுற்றி, அத்தான் பட்டறைப் பெயின்ட் வாசனை அப்படியே போகாமல்! டிரைவர், வாட்ச்மேன், நான், எக்ஸ்ரே எடுப்பவர், நான்கு பேரும் சேர்ந்து தூக்கினோம். ஆறு வருஷமாக எல்லாவற்றையும் தூக்கியவன் நான், இன்றைக்கு என்னுடையதை மற்றவர்கள் தூக்கினார்கள். ஹெட் சிஸ்டர் முன்னால் நடந்து வழி விடச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் அம்மா விசில் அடித்தாள். குழந்தைகள் தூங்குகின்றன என்று அவளுக்குத் திட்டு விழுந்தது.

அறைக்குள் மயிரிழை இடைவெளியில் போய் உட்கார்ந்தது. என்ன அளவு! மேட்ரன் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், பூட்டைச் சோதித்தார், ஓரம் எங்காவது கையைக் கிழிக்குமா என்று விரலால் தடவிப் பார்த்தார். கிழிக்கவில்லை. மூன்று மணிக்கு ஆர்டர் கையில்! இந்தக் கடிதத்தோடு அதன் நகல் இருக்கிறது. அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவிட்டேன். ‘பச்சிளங்குழந்தைப் பிரிவு, நர்ஸ்’ என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரு கோடும் இழுத்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும் அவர் அதையே படித்துக் காட்டட்டும்.

பிறகுதான் கவனித்தேன். பீரோவுக்கு இரண்டு கதவு. நடுவில் தடுப்பு. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒருவனுக்கு எதற்கு இரண்டு? பட்டறைக்கே ஃபோன் போட்டுவிட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அத்தான் கத்தினார்.

“ஒழுங்கா சேந்துச்சா?”

“சேந்துச்சு அத்தான்! ரெண்டு கதவு வெச்சிருக்கீங்க, நான் ஒருத்தன்தானே?”

“ஏன் மாப்ளே, நீ ஒருத்தனேதான் இருக்கப்போறியா?”

அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

இடது பக்கம் என் துணிமணி. வலது பக்கத்தைத் துடைத்து, காகிதம் விரித்து, பூட்டி, சாவியைக் கொண்டுபோய் ஹெட் சிஸ்டரிடம் கொடுத்தேன். “இது யாருக்கு?” என்றார். “இன்னும் தெரியல சிஸ்டர், வந்ததும் குடுங்க” என்றேன். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘இரண்டாவது பிரதர்’ என்று எழுதிச் சாவியில் கட்டி, மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

உன் பம்பரம்